வகையறா என்றொரு கூட்டல் குறி

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துட்டு கணக்குப் பாடம்னு ஓடிடாதீங்க மக்களே. கொஞ்சம் கம்ப்யூட்டர், கொஞ்சம் திண்டுக்கல் சரித்திரம், கொஞ்சம் எங்க வீட்டுக் கதை. மூணும் எங்க வந்து ஒண்ணு சேருதுன்னு பொறுமையா படிச்சா தெரியும்.

முதல்ல ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. உதிரி பாகங்களோட பட்டியலை மரம் மாதிரி காட்டற ஒரு திரை எழுதச் சொன்னாங்க. ட்ரீ வியூ. இடது பக்கம் பெட்டிக்குள்ள கூட்டல் குறி இருக்குமே, தட்டினா கீழே கிளை விரியுமே, அதேதான். நானும் புது ஜோர்ல நாற்பதாயிரம் பாகத்தையும் டேட்டாபேஸ்ல இருந்து ஒரே மூச்சில் இழுத்து மரத்தில் மாட்டினேன். திரை வர்றதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம். பக்கத்து சீட் அண்ணன் பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, எவனும் நாற்பதாயிரத்தையும் பார்க்கப் போறதில்ல. மேல்வரிசைய மட்டும் போடு. கேட்டா மட்டும் உள்ளாறப் போய் எடுத்துக் குடு."

ஆனா பிள்ளையே இல்லாத கிளைக்குக் கூட்டல் குறி வராது. அதுக்கு ஒரு தந்திரம் உண்டு. ஒவ்வொரு கிளைக்கும் கீழே "காத்திருக்கவும்" என்று ஒரு பொம்மைக் கிளையை மாட்டி வைக்கணும். கூட்டலைத் தட்டின உடனே பொம்மையைத் தூக்கிப் போட்டுட்டு நிஜப் பிள்ளைகளைக் கொண்டுவரணும். செஞ்சேன். திரை பறந்துச்சு. நானும் பறந்தேன்.

தரையிறக்கியது சீரியலைசேஷன். ராத்திரி எட்டு மணி சீரியல் இல்லீங்க :-) நினைவகத்தில் கிளையும் இலையுமாய் நிற்கும் ஒரு பொருளை ஒரே நீளக் கயிறாக, வரிசையான எழுத்துகளாக மாற்றிக் கோப்பில் எழுதுவது. பிறகு அந்தக் கயிற்றைப் படித்துப் பழையபடி மரமாக நிறுத்தலாம். பந்தலைப் பிரிச்சு வண்டியில் ஏத்தி, வேற ஊர்ல மறுபடி கட்டற மாதிரி. ஒருத்தர் மரத்தைச் சேமித்து வேறொரு ஊர்க் கிளைக்கு அனுப்பினார். அங்கே திறந்தா, அவர் விரிச்சுப் பார்த்த ரெண்டு கிளை மட்டும் ஒழுங்கா இருக்கு. மற்ற எல்லாக் கிளைக்கும் கீழே ஒரே ஒரு பிள்ளை. பேரு "காத்திருக்கவும்". தட்டினாலும் அதுதான், தலைகீழா நின்னாலும் அதுதான். நான் நினைவகத்தில் இருந்ததை மட்டும் எழுதியிருக்கேன். இல்லாதது பொம்மையாவே போய்ச் சேர்ந்து, அங்கே நிஜமாயிடுச்சு.

அன்னிக்கு வாங்கிய திட்டில் ஒரு பாடம் கத்துக்கிட்டேன். கூட்டல் குறி என்பது ஒரு வாக்குறுதி. "உள்ளே இருக்கு, கேட்டா தர்றேன்" என்ற வாக்குறுதி. உள்ளே இருப்பதை எங்கேயாவது எழுதி வைத்து, அதை எடுக்கும் சாவியையும் சேர்த்து வைத்தால்தான் அந்த வாக்குறுதி செல்லும். பூட்டு ஊர்க்காரனுக்கே இதை யாரோ சொல்லிக் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

எனக்கு நேர்ந்தது ஒண்ணும் புதுசில்லை. டாஸ் காலத்தில் 1985ல் வந்த எக்ஸ்ட்ரீ என்ற மென்பொருள், திறந்ததும் டிஸ்க் முழுக்க இருக்கும் அடைவுகளையும் கோப்புகளையும் படித்து நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலை பார்க்கும். டிஸ்க் சின்னதாக இருந்தவரை தாங்கியது. 1995ல் விண்டோஸ் 95 வந்தபோது அதன் எக்ஸ்ப்ளோரர் விரிக்கிற கிளையை மட்டும் படித்தது. மரம் பெரிசானால் எல்லாவற்றையும் தலையில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

இதே சங்கடம் இருநூறு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர்ல ஒருத்தருக்கு வந்தது. அவருக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. அவர் கலெக்டர்.

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் திண்டுக்கல் சீமையும் ஒன்று. அவர் அப்பா ஹைதர் அலி 1755ல் பௌஜ்தாராக உட்கார்ந்த அதே ஊர். கம்பெனியின் முதல் கலெக்டர் அலெக்சாண்டர் மெக்லியோட். மலைக்கோட்டை மேல் ஏறி நின்று பார்த்தால் ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, நடுவில் விரிந்து கிடக்கும் சமவெளி. அதில் யாருக்கு எவ்வளவு நிலம், எது நஞ்சை, எது புஞ்சை, யார் எவ்வளவு கட்டணும்? மேலே உட்கார்ந்தவர் கையில் ஒன்றும் இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட பாளையங்கள். அவர்களிடமும் குத்தகைதாரர்களிடமும் மொத்தமாக ஒரு தொகையைக் கேட்க வேண்டியதுதான். அதாவது மரத்தின் வேர் மட்டும் தெரியும். அதைத் தட்டினால் கிளை விரியாது. (தட்டினால் சண்டைதான் வரும். விருப்பாச்சி கோபால் நாயக்கர் 1801ல் தூக்கிலிடப்பட்டதும் இந்தக் காலகட்டத்தில்தான்.)

1800ஐ ஒட்டிய வருஷங்களில் கலெக்டராக இருந்த ஹர்டிஸ் வேறு வழி எடுத்தார். சீமை முழுக்க வயல் வயலாக அளந்து தீர்வை போட வைத்தார். பாராமகாலில் ரீடும் மன்றோவும் செய்ததன் பக்கத்து வீட்டு வேலை இது. என் பாஷையில் சொன்னால் எக்ஸ்ட்ரீ வேலை: மொத்த மரத்தையும் ஒரே மூச்சில் படிப்பது.

படிச்சதைப் பயன்படுத்த விட்டாங்களா? கம்பெனி மேலிடம் வங்காளத்தைப் பார்த்து ஜமீன்தாரி ஆசையில் இருந்தது. 1802ல் சென்னை மாகாணத்துக்கு நிரந்தரத் தீர்வை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. திண்டுக்கலில் கிராமங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து மிட்டாக்களாக்கி, என்றைக்கும் மாறாத தொகை நிர்ணயித்து விற்றார்கள். விரித்த மரத்தை மறுபடி மடக்கி, ஒரு பழைய கணக்கை அப்படியே உறைய வைத்த மாதிரி. மழை பொய்த்தால் விளைச்சல் குறையும், கட்ட வேண்டிய தொகை குறையாது. சில வருஷங்களிலேயே பெரும்பாலான மிட்டாதாரர்கள் பாக்கி விழுந்து, மிட்டாக்கள் சர்க்காரிடமே திரும்பின. அதன் பிறகு கிராமக் குத்தகைகளையும் பார்த்துவிட்டு, கடைசியில் வந்து நின்றது ரயத்துவாரி. ஒவ்வொரு உழவரோடும் சர்க்கார் நேரடிக் கணக்கு வைப்பது. அதாவது இலை வரைக்கும் போயே ஆகணும்.

லட்சக்கணக்கான இலைகள். எந்தக் கலெக்டர் தலையில் இது நிற்கும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

1858ல் சென்னை மாகாணத்துக்கு நில அளவைத் துறை ஏற்பட்டது. கிராமத்தை வயல்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சர்வே நம்பர். நிலம் பாகம் பிரிந்தால் உட்பிரிவு. உங்க வீட்டுப் பட்டா இருந்தா எடுத்துப் பாருங்க. 124/2பி1 என்று ஏதாவது இருக்கும். நம்ம ஆட்கள் "நூத்தி இருவத்தி நாலுல ரெண்டு பி ஒண்ணு" என்று மந்திரம் மாதிரி சொல்வார்கள். அது நம்பர் இல்லீங்க, வழி. 124 என்ற வயல் பிரிந்து அதில் 2, அந்த 2 பிரிந்து அதில் பி, அந்த பி பிரிந்து அதில் 1. எண், எழுத்து, எண் என்று மாற்றி மாற்றிப் போட்டதால் எங்கே ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கோடு போடாமலே தெரிந்துவிடும். ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைகள் முழுக்க ஆறேழு எழுத்தில் அடங்கிக் கிடக்கிறது. மரத்தைக் கயிறாக்குவது என்றால் இதுதான். வாத்தியார் மூணு வாரம் நடத்தியும் எனக்குப் புரியாத பாடம்.

வயலின் உருவத்துக்கும் அப்படியே ஒரு ஏற்பாடு. புலப்பட நூல், எஃப்.எம்.பி. வயலுக்குக் குறுக்கே ஒரு நேர்க்கோடு. அந்தக் கோட்டில் இத்தனை தூரத்தில் நின்று, வலது பக்கம் இத்தனை தூரம் போனால் ஒரு மூலை, இடது பக்கம் இத்தனை தூரம் போனால் இன்னொரு மூலை. எல்லாம் சங்கிலிக் கணக்கு. ஒரு சங்கிலி 66 அடி, நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். (பிற்பாடு மெட்ரிக் வந்தது.) கல்லைப் பிடுங்கிப் போட்டாலும், வரப்பை வெட்டித் தள்ளினாலும், அந்த எண்களை வைத்துக்கொண்டு சர்வேயர் மறுபடி அதே இடத்தில் கல் நட முடியும். வயல் எண்ணாகி, எண் மறுபடி வயலாகிறது. 1923ஆம் வருஷத்து சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் இந்தக் கல்லுக்கும் கோட்டுக்கும் சட்ட பலம் கொடுத்தது.

ஆக, கலெக்டர் எதையும் தலையில் வைத்திருக்க வேண்டாம். வழக்கு வந்தால் தாலுகாவைக் கேட்பார், தாலுகா கிராமத்தைக் கேட்கும், கிராமம் அந்த ஒரு நம்பரின் பக்கத்தைப் புரட்டும். நூறு வருஷத்துக்கு மேலே காகிதத்தில் ஓடிய லோடு ஆன் டிமாண்ட் அது.

ஒரே ஒரு ஓட்டை. நிலம் முழுசா எழுதப்பட்டது. மனுஷங்க முழுசா எழுதப்படலை.

அதை நிரப்பிக்கொண்டு இருந்தவர் கர்ணம். எங்க பக்கம் கணக்குப்பிள்ளை. அடங்கலும் சிட்டாவும் ஏ பதிவேடும் அவர் வீட்டுப் பெட்டியில். பதிவேட்டில் இல்லாதது அவர் தலையில். பட்டா செத்துப்போன பாட்டன் பேரில் இருக்கும், பக்கத்தில் "வகையறா" என்று ஒரு வார்த்தை இருக்கும். யார் அந்த வகையறான்னு அவரைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். மூத்தவன் வடக்குப் பாதி, இளையவன் கிணத்துப் பக்கம், பொண்ணு ரெண்டு, ஒண்ணை வடமதுரையில் கட்டிக் கொடுத்திருக்கு, இப்படி. (நல்லவரா இருந்தா சும்மா சொல்வார். இல்லைன்னா வேற கதை. அதையும் மறைக்க வேண்டாம்.)

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவிகளை ஒழித்தது. கர்ணம், முன்சீப் எல்லாம் போய் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சுப்ரீம் கோர்ட் வரை போய் 1982ல் அந்தச் சட்டம் செல்லும் என்றும் ஆகிவிட்டது. பரம்பரைச் செல்வாக்கு ஒழிந்தது நல்லதுதான், சந்தேகமே இல்லை. பெட்டியில் இருந்த பதிவேடுகள் சர்க்கார் கைக்கு வந்தன. தலையில் இருந்தது வரவில்லை. மெஷினை அணைக்கும்போது நினைவகத்தில் இருப்பதை எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகுமோ அது ஆனது.

அதே காலத்தில்தான் யூ.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. 1979ல் தொடங்கி 1987 வரை. கிராமம் கிராமமாகப் போய் பட்டாவை அனுபவத்தில் இருப்பவர் பேருக்கு மாற்றும் பெரிய வேலை. நடுவில் 1985 செப்டம்பர் 15ல் மதுரை மாவட்டத்தில் இருந்து திண்டுக்கல் தனியாகப் பிரிந்தது. ஒரு பெரிய கிளையை ஒரு அடிமரத்தில் இருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டியாச்சு. ஆனால் கீழே ஒரு சர்வே நம்பர்கூட அசையவில்லை. அப்புறம் மாவட்டத்துக்குத் தலைவர்கள் பேராக மாற்றி மாற்றி வைத்து, மறுபடி வெறும் திண்டுக்கல் ஆன போதும் அப்படியே. நம்பர்களை எழுதி வைத்தவர்கள் அவ்வளவு கெட்டியாக எழுதி வைத்திருந்தார்கள்.

அப்புறம் கம்ப்யூட்டர். நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் மத்திய அரசுத் திட்டம் 1988-89ல் சில மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் "தமிழ் நிலம்" மென்பொருள் வந்தது. எஃப்.எம்.பி. எண்களைக் கொடுத்தால் படத்தைத் தானே வரையும் கொலாப்லேண்டும் வந்தது. இன்னிக்கு வீட்டில் உட்கார்ந்து பட்டா பார்க்கலாம். பார்த்திருப்பீங்க. மாவட்டம் கேட்கும். திண்டுக்கல் என்றால்தான் தாலுகாக்கள் வரும்: ஆத்தூர், ஒட்டன்சத்திரம், கொடைக்கானல், நத்தம், நிலக்கோட்டை, பழனி, வேடசந்தூர், குஜிலியம்பாறை, திண்டுக்கல் கிழக்கு, மேற்கு. தாலுகா சொன்னால்தான் கிராமம். கிராமம் சொன்னால் சர்வே நம்பர், அது சொன்னால் உட்பிரிவு. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வருவாய்க் கிராமங்கள் உள்ள மாநிலத்தில், என் செல்போனுக்கு வருவது நான் கேட்ட ஒரே ஒரு இலை. முதல் தடவை பார்த்தபோது பக்கத்து சீட் அண்ணனை நினைச்சுக்கிட்டேன்.

சரி, எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன்.

வேடசந்தூர்ப் பக்கம் தாத்தா சம்பாதித்து வாங்கிய ஒண்ணே முக்கால் ஏக்கர் புஞ்சை. அவர் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. ஊருக்குப் போனபோது "அந்தப் பட்டாவை எடுத்துக் குடுடா" என்றார் அப்பா. மாவட்டம், தாலுகா, கிராமம், நம்பர், உட்பிரிவு என்று தட்டிக்கொண்டே போனேன். கடைசித் தட்டில் வந்தது தாத்தா பேர். பக்கத்தில் "வகையறா".

நான் அந்த வார்த்தையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இதை எங்கேயோ பார்த்திருக்கோமே... "காத்திருக்கவும்"! அதே பொம்மைக் கிளை. கர்ணத்தின் தலையில் இருந்து நிஜப் பிள்ளைகளைக் கொண்டுவருவதற்காக யாரோ மாட்டி வைத்த கூட்டல் குறி. கர்ணமும் இல்லை, தலையும் இல்லை. காகிதத்தில் இருந்து காகிதத்துக்கு, காகிதத்தில் இருந்து கம்ப்யூட்டருக்கு என்று பொம்மை மட்டும் பத்திரமா வந்து சேர்ந்து, நிஜமாகவே உட்கார்ந்திருக்கு. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

சித்தப்பாக்களைக் கூப்பிட்டுப் பேசினோம். "வாரிசு போட்டு மாத்திரலாம்ணே. நாம மூணு பேருதானே" என்றார் சின்ன சித்தப்பா. அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார். "அஞ்சு பேருடா. அக்காவும் தங்கச்சியும் எங்க போனாங்க?" சித்தப்பா, "அவங்க கேக்கலியேண்ணே" என்றார்.

கேட்டால் தருவது என்பது நிரலில் நல்ல ஏற்பாடு. குடும்பத்தில் அப்படி இல்லை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் விட்ட சொத்தில் மகளும் மகனும் சமம். கேட்டாலும் கேட்காவிட்டாலும். மூணு பேரை மட்டும் எழுதி, வாரிசு லிஸ்டையும் அதே மாதிரி வாங்கியிருந்தால், "வகையறா" என்ற ஓட்டைகூட இல்லாமல் அடைபட்டிருக்கும். நாளைக்கு அந்த நம்பரைத் தட்டுகிறவர்களுக்கு அத்தைமார் இருந்த தடமே கிடைக்காது. பொம்மைக் கிளையாவது "உள்ளே யாரோ இருக்காங்க" என்று சொல்லிக்கிட்டிருந்தது.

சின்னத்தை இப்போது இல்லை. மாமாவும் இல்லை. அவங்க பிள்ளைகள் மூணு பேர், ஒருத்தி திருப்பூரில். கிளைக்குள் கிளை. ஆக மொத்தம் ஏழு பேர். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் என்று அலைந்து, கையெழுத்து வாங்கி முடிய எட்டு மாசம். சின்ன சித்தப்பா கடைசி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். போட்டாரே, அது போதும்.

புதுப் பட்டா வந்த அன்னிக்குப் பெரியத்தைக்குப் போன் போட்டேன். ஏழு பேரையும் வரிசையா வாசிச்சேன். நாலாவது பேர் அவங்களுது. "இன்னொருக்கா வாசி" என்றார். வாசிச்சேன். "எனக்கு நெலம் வேணாம்டா, எங்கண்ணந்தம்பிக உழட்டும். பேரு இருக்குல்ல" என்று சொல்லி வெச்சுட்டார். நிலம் வேணுமா வேண்டாமா என்பதை இனி அவங்க முடிவு பண்ணலாம், அவங்க பிள்ளைகள் பண்ணலாம். முடிவு பண்ண முதல்ல மரத்தில் ஆள் இருக்கணும்.

கொசுறு: உங்க வீட்டுப் பட்டாவையும் ஒருதரம் தட்டிப் பாருங்க மக்களே. "வகையறா" என்று இருந்தால், அது யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதி வையுங்க. அந்தக் கயிறு அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.